ஒரு சொல், எத்தனை அயலார்!

வேல்ஸ், இங்கிலாந்தின் கார்ன்வால், பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா, கூடவே மளிகைக் கடை வால்நட். இத்தனைக்குள்ளும் ஒளிந்திருப்பது ஒரே சொல்தான்: பழைய ஜெர்மானிய மொழியின் 'வல்ஹாஸ்'.

வோல்கே என்பது பழங்கால ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு கெல்டிக் இனக்குழு. சீசரின் குறிப்புகளிலும் இவர்கள் வருகிறார்கள். அந்தப் பெயரையே 'வல்ஹாஸ்' ஆக்கி, அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் முதலில் எல்லாக் கெல்டியருக்கும், பிறகு லத்தீன் வழி மொழி பேசிய அனைவருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானியரான ஆங்கிலோ சாக்சன்கள் செய்ததுதான் அநியாயம். வந்தேறிகள் அவர்கள், 'அயலார்' என்று பெயர் வாங்கியதோ மண்ணின் மைந்தர்கள்! பழைய ஆங்கிலத்தில் 'வெயால்ஹ்' என்றால் அயலான், பிரித்தானியன். போகப்போக அடிமை என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. வேல்ஸ் மக்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. அவர்கள் மொழியில் அவர்கள் 'கம்ரி'. அதன் வேர்ப்பொருள் 'ஒரே நாட்டார்'.

சொல் கிழக்கேயும் போனது. போலந்துக்காரருக்கு இத்தாலியின் பெயர் 'வ்வோஹி'. ஹங்கேரிய மொழியில் 'ஒலாஸ்' என்றால் இத்தாலியர், பழைய வழக்கில் 'ஒலாஹ்' என்றால் ருமேனியர். கிரேக்கத்திலோ 'வ்லாகோஸ்' என்பது ஓர் இனத்தின் பெயர் மட்டுமல்ல, பட்டிக்காட்டான் என்ற ஏச்சும்கூட.

புரியாத பேச்சை ஜெர்மானியர்கள் இன்றும் 'கௌடர்வெல்ஷ்' என்கிறார்கள். அந்த 'வெல்ஷ்' இதே வேர்தான். வால்நட்டும் அப்படியே: 'அயல்நாட்டுக் கொட்டை'. நம் வாலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.