அப்பத்தா செருப்பில் ஓர் ஆரஞ்சுப் பழம்

2018 ஆகஸ்ட்டில் ஜெர்மனியிலிருந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டம். 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள் வேறொரு நாட்டுக்குப் போய், அங்குள்ள குடும்பங்களோடு ஒரு கல்வியாண்டு தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போவார்கள். “எவ்வளவு தருவாங்க?” என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டார்கள். ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொள்வதற்கு யாரும் கூலி கேட்பதில்லை.

இப்போது சில தோழிகள் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

விண்ணப்பம் கொடுத்ததும் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரைப் பற்றியும் விசாரிப்பார்கள். எழுபத்து நாலு வயது மாமியாருக்கும் ஒரு படிவம் வந்தது. “நான் என்ன பண்ணுனேன், என்னைய எதுக்கு விசாரிக்கோணும்?” என்று அவருக்கு வருத்தம். ரோட்டரி கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்து அறை, கட்டில், குளியலறைத் தாழ்ப்பாள் வரை பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு சொல்லாமலும் ஒருமுறை வந்தார்கள். எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் என் மகளை இப்படி முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்புவதாக நினைத்துப் பார்த்தேன். நானாக இருந்தால் இன்னும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பேன்.

நாங்கள் தடுமாறியது அரசாங்கக் காகிதங்களில். வெளிநாட்டவர் வந்து தங்கினால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அப்போது அந்தப் படிவத்துக்கு ‘ஃபார்ம் சி’ என்று பெயர். அது ஹோட்டல்காரர்கள் வேலை என்று நினைத்திருந்தோம், வீடுகளுக்கும் அதே விதிதான். அவள் வந்து சேர்ந்தது இரவு பதினொரு மணிக்கு. மறுநாள் காலை அவளைக் கவனித்துக்கொள்ள கிளப் நியமித்திருந்த ஆலோசகர் கூப்பிட்டு, “பதிஞ்சிட்டீங்களா?” என்று கேட்டபோதுதான் விஷயமே தெரியும். அன்று என் வீட்டுக்காரர் கடைக்கே போகவில்லை. அலைந்து திரிந்து சாயங்காலத்துக்குள் முடித்தார். அது தவிர, 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு வேறு. அதற்கு முகவரிச் சான்றாக ஈபி பில்லை எடுத்தால் அதில் என் மாமனார் பெயர். அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது, நாங்கள் பெயரே மாற்றவில்லை! நல்லவேளையாக வீட்டு வரி ரசீது என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. பிள்ளை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்தக் காகிதங்களை எடுத்துச் சரிபார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

முதல் இரவு சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அழுக்குத் துணியை எங்கே போடுவது, எத்தனை மணிக்கு எழுவது என்று நீண்ட பட்டியல். அதில் ஒரு கேள்வி, உங்களை எப்படிக் கூப்பிடுவது? ஆன்ட்டி என்பாள் என்று எதிர்பார்த்தேன். மாமியார் முந்திக்கொண்டு தன் நெஞ்சைத் தொட்டு “அப்பத்தா” என்றார். என்னைக் காட்டி “அம்மா”. அவள் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாப்பாட்டில்தான் முதல் சிக்கல் வந்தது. தோசை வைக்கட்டுமா என்றால் “தாங்க்ஸ்” என்பாள், நான் வைப்பேன். மறுபடி கேட்டால் மறுபடி “தாங்க்ஸ்”. தட்டில் வைத்ததை மீதம் வைக்கக் கூடாது என்று ஐந்து தோசையையும் கஷ்டப்பட்டுத் தின்றிருக்கிறாள். ஜெர்மன்காரர்கள் ஒன்றைக் கொடுக்கும்போது வெறுமனே நன்றி என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமாம். இது தெரிய எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அப்பத்தா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தட்டுக்கு மேலே கையை விரித்துக் காட்டி, “போதும்னு சொல்லோணும் சாமி” என்று சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாவது மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று எனக்குத் தூக்கமே இல்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று ஆளாளுக்குக் கேட்டதை, தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆலோசகர் வந்து இரண்டு பக்கமும் பேசினார். எங்களிடம் அது பாசம், அவளுக்கு அது கெடுபிடி. பேசாமல் விட்டிருந்தால் அப்படியே புண்ணாகியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், முகம் சுருங்கிய அன்றே கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் 6ஆம் தேதி காலையில் வாசலில் அப்பத்தாவின் சத்தம் கேட்டு ஓடினேன். எல்லார் செருப்பும் துடைத்துப் பளபளவென்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் சாக்லேட், கடலை. அப்பத்தாவின் தேய்ந்த ரப்பர் செருப்பில் ஓர் ஆரஞ்சுப் பழம். முந்தின இரவு காலணியைச் சுத்தம் செய்து வைத்தால் புனித நிக்கோலஸ் வந்து தின்பண்டம் நிரப்புவார் என்பது அவர்கள் ஊர் வழக்கம். “செருப்புக்குள்ள திங்கற பண்டத்தை வெப்பாங்களா!” என்று அப்பத்தா பதறினார். அந்தப் பெண் முகம் வெளிறி நின்றது. அப்பத்தா ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். குனிந்து பழத்தை எடுத்தார், குழாயில் கழுவினார், சேலைத் தலைப்பில் துடைத்து உரித்தார். முதல் சுளையை அவள் வாயில்தான் வைத்தார்.

திட்டத்தின்படி ஜனவரியில் வேறு குடும்பத்துக்கு மாறினாள். அதே ஊர்தான், இருந்தும் வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஜூனில் ஊருக்குக் கிளம்பினாள். அவளுடைய கோட்டு முழுக்க மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு மாற்றிக்கொண்ட குத்து பேட்ஜுகள், தூக்கவே கனம். அதில் ஒன்றைக் கழற்றி என் மகளின் பள்ளிப் பையில் குத்திவிட்டுப் போனாள். அந்தப் பை கிழிந்துவிட்டது. பேட்ஜ் இருக்கிறது.

2021 மே மாதம் அப்பத்தா போய்விட்டார். ஊரடங்கில் உள்ளூர்ச் சொந்தங்களே வரமுடியாத நேரம். அவள் வீடியோவில் இரண்டு மணி நேரம் எங்களோடு இருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை, கூடவே இருந்தாள்.

2023 டிசம்பரில் தன்னைப் பெற்ற அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது தோசை வைக்கப்போனேன். அந்த அம்மா தட்டுக்கு மேலே கையை விரித்து “போதும்” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

6ஆம் தேதி காலை வாசலில் எல்லார் செருப்பிலும் சாக்லேட் இருந்தது. ஆரஞ்சு மட்டும் கூடத்தில், அப்பத்தா படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் இருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.