குப்பியில் எழுதும் வயது

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் என்டோஸ்கோபி அறையில் என் வேலைகளில் சின்னது ஒன்று உண்டு. டாக்டர் குடலிலிருந்து கிள்ளித் தரும் சதைத் துணுக்குகளை பார்மலின் குப்பியில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, பெயர், வயது, எடுத்த இடம் எல்லாம் எழுதுவது. 14 வருஷமாக எழுதுகிறேன். வந்த புதிதில் பெருங்குடல் குப்பி என்றால் 62, 70, 58 என்றுதான் எழுதுவேன். முதல் தடவை 34 என்று எழுத வேண்டி வந்தபோது, கேஸ் ஷீட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இப்போதெல்லாம் அப்படிப் பார்ப்பதில்லை.

ஒரு அறையின் குப்பிகளை வைத்து நாட்டு நிலவரம் பேசக் கூடாது, சரி. பெருங்குடல், மலக்குடல் புற்று நம் நாட்டில் மேலை நாடுகளைவிடக் குறைவு. நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம் என்பதால் நோயாளிகளிலும் அவர்கள் அதிகமாகத் தெரிவார்கள். ஆனால் பல வருஷமாக ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1995இல் பெருங்குடல், மலக்குடல் புற்று வந்தவர்களில் 100க்கு 11 பேர் 55 வயதுக்குக் கீழே இருந்தார்கள். 2019இல் அது 20 ஆகிவிட்டது. அறிகுறியே இல்லாதவர்களும் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை 50இலிருந்து 45 ஆக இறக்கச் சொல்லி 2018இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், 2021இல் அந்நாட்டின் நோய்த் தடுப்புப் பணிக்குழுவும் பரிந்துரைத்தன. 34 வயதுக்காரருக்கு அந்த 45ஆலும் பயனில்லை. அவருக்கு இருக்கும் ஒரே வழி, ரத்தம் தெரிந்த அன்றே யாராவது அதைப் பொருட்படுத்துவது.

எங்களுக்கு டீ கொண்டுவரும் தம்பி ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "அக்கா, ரெண்டு வாரமா வெளிக்கிப் போனா ரத்தம் வருது" என்றான். வலி இருக்கா என்று கேட்டேன். இல்லை என்றான். "சூடா இருக்கும். கோழிக்கறியைக் குறை, மோர் குடி, முக்காதே" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். வலியில்லாமல் ரத்தம் வந்தால் மூலம் என்பது எனக்கும் மனப்பாடம். அப்போது அவனுக்கு 31.

குடலுக்குள் கேமரா விடும் அறையில் இருக்கும் அக்காவே சொல்லிவிட்டாள், அப்புறம் யாரிடம் கேட்பான்? ஆயின்மென்ட் போட்டிருக்கிறான். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்ற போஸ்டரைப் பார்த்துப் போய் ஊசி போட்டிருக்கிறான். டாக்டர் ஒருவரிடமும் போயிருக்கிறான். அவர் உட்கார வைத்தே மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். 7 மாதம் கழித்து என் மேஜையில் இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு, "மூலம்தானேக்கா?" என்றான். மூலமும் இருந்தது. ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டரில், கையுறை போட்ட விரல் எட்டும் தூரத்தில், கட்டியும் இருந்தது. குப்பியில் 32 என்று எழுதினேன்.

இளையவர்களுக்கு வருவதில் பெரும்பகுதி மலக்குடலிலும் பெருங்குடலின் இடப்பக்கத்திலும்தான். ரத்தம் கண்ணுக்குத் தெரியும். பல கேஸ்களில் விரல் பரிசோதனையோ சின்ன ஸ்கோப்போ போதும், சந்தேகம் வந்துவிடும். இருந்தும் தாமதமாகிறது. கூச்சம் ஒரு காரணம். இன்னொன்று நான் கவனித்தது: அந்த இடத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்ல நமக்கு வார்த்தை இல்லை. 'பின்னாடி', 'அந்த இடம்' என்போம். கௌரவமாகச் சொல்ல இருக்கும் ஒரே சொல் மூலம். அதனால் அங்கே எது வந்தாலும் மூலமாகிவிடுகிறது.

பெண்களுக்கு அந்தச் சொல்கூட வேண்டியதில்லை. ரத்தம் குறைவா, மாதவிலக்குதான் காரணம் என்று இரும்புச்சத்து மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். உள்ளே கசிவதால் கறுத்தாலும் மாத்திரை மேல் பழி போய்விடும்.

தம்பி கேட்ட முதல் கேள்வி, "நான் தண்ணிகூட அடிக்க மாட்டேனே?" உடல் பருமன், மது, பதப்படுத்திய இறைச்சி, பரம்பரை என்று பட்டியல் இருக்கிறது. அவனுக்கு எதுவும் பொருந்தவில்லை. 2025இல் 11 நாடுகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், குடலில் வாழும் சிலவகை ஈ.கோலி பாக்டீரியா சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சின் தடம் இளையவர்களின் கட்டி மரபணுவில் கூடுதலாக இருப்பதாகவும், அது சிறுவயதிலேயே பதிந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. அதையெல்லாம் அவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? "நீ எதுவும் தப்புப் பண்ணலை" என்றேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் குழந்தை பிறப்பது சந்தேகம். முன்னாலேயே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். 60 வயது நோயாளிகளுக்கே பழகிப்போன எங்கள் படிவங்களில் அந்தக் கேள்வியே இல்லை. அவன் மனைவிதான் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் காதில் விழாமல் கேட்டாள். கதிர்வீச்சு தொடங்க 4 நாள்தான் இருந்தது. அதற்குள் செய்து முடித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் வயிற்றில் மலம் சேரும் பையோடு இருந்தான். டீ தட்டை வயிற்றில் அணைத்துப் பிடித்தே பழகிய கை. பை நசுங்காமல் தட்டைத் தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். இப்போது பை இல்லை. வருஷ ஸ்கோப்பில் எதுவும் தென்படவில்லை.

அவனுக்கு ஒரு தம்பி. கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால், அவருக்குக் கண்டுபிடித்த வயதில் 10 கழித்து, அந்த வயதிலேயே ஸ்கோப் பார்க்கச் சொல்வது வழக்கம். 32இல் 10 போனால் 22. அவன் தம்பிக்கு 27. மூன்று தடவை தேதி கொடுத்தும் வரவில்லை. ஊர்க் கோயில் கொடை முடியட்டும் என்றிருக்கிறான்.