அக்குளில் கட்டிய நெறி

"மிஸ், கொழுந்தோடு சேர்ந்து பூச்சியும்தானே மடுவத்துக்கு வரும்?"

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கிளினிக்கில் ஓர் இளந்தாய் கேட்ட இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை.

பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போட்ட பி.சி.ஜி. ஊசி, பிள்ளையின் இடது தோளில் கொப்புளமாகி ஆறிக்கொண்டிருந்தது. அதே பக்க அக்குளில் சின்னதாய் நெறி கட்டியிருந்தது. தொட்டால் விரலுக்கடியில் நழுவியது. பிள்ளை அழவில்லை, காய்ச்சலும் இல்லை. எதையும் பூச வேண்டாம், அமுக்க வேண்டாம், கவனித்துவருவோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அது போதவில்லை. ஊசி தோளில், கட்டி ஏன் இங்கே?

"தோலுக்குள் டென்ட்ரிடிக் கலங்கள் இருக்கின்றன, தங்கச்சி. உள்ளே வந்த கிருமியை விழுங்கி, அதன் துண்டுகளைச் சுமந்துகொண்டு அக்குளிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும், நீங்கள் கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோவதைப்போல. அங்கே டி கலங்கள் என்ற நோய் எதிர்ப்புக் கலங்கள் அதைப் பார்த்து, பொருத்தமானவை பெருகும். அதனால்தான் வீக்கம்."

அப்போதுதான் அந்தக் கேள்வி. உண்மையில் அவள் சொன்னது சரி. அந்தக் கலங்கள் உயிருள்ள கிருமியையும் கணுவுக்குக் கொண்டுசேர்க்கும். "வரும். ஆனால் வீரியம் குறைத்த கிருமி" என்றேன். அவள் பிள்ளையைத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

"தானாக வற்றிவிடும் என்றால் போதாதா?" என்று உடன் வேலை செய்பவர் பிறகு கேட்டார். போதாது என்றே நினைக்கிறேன். தோட்டத்துப் பெண்களுக்கு விளங்காது என்று சொல்லாமலே விட்டுவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இவ்வளவு கூர்மையாகக் கேட்டவளிடம் மழுப்புவது அவமதிப்பு.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் இந்தக் கலங்களை விவரித்தபோது, பல விஞ்ஞானிகளே நெடுங்காலம் ஐயப்பட்டார்கள். ஸ்டைன்மனுக்கு நோபல் பரிசு 2011இல்தான் கிடைத்தது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னர் அவர் இறந்துவிட்டார். ஆய்வுகூடத்தில் இருந்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்ததை, கைப்பிள்ளையோடு வரிசையில் நின்றவள் உடனே ஏற்க வேண்டுமா?

அடுத்த ஊசிக்கு அவள் வந்தாள். நம்பி வந்தாளா, கார்டில் திகதி இருந்ததால் வந்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நெறி கட்டிய பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்றும் மடுவத்தைச் சொல்லித்தான் விளக்குகிறேன். கிருமிக்கு உயிர் உண்டு என்பதை, கேட்டால் மட்டும் சொல்கிறேன்.