85 ஆங்ஸ்ட்ராம் குறைவு

“அப்போ மத்தவங்களுக்கெல்லாம் எப்படி மேடம் சரியா வந்துச்சு?” என்று பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் கேட்டார்.

“அவங்களுக்கு விடை தெரியும் சார்” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உடனே அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்குத்தான் இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. யாருக்கும் மார்க் குறையவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை. இருந்தாலும் நவம்பர் பிராக்டிகல் வந்து, டார்க் ரூமில் மெர்குரி விளக்கைப் போட்டால் போதும், அந்த இரண்டு வரிப் பேச்சு மறுபடி மண்டைக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் எல்லோரும் செய்த சோதனைதான். ஸ்பெக்ட்ரோமீட்டர், மெர்குரி விளக்கு, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்க நெருக்கமான கோடுகள் கொண்ட கிரேட்டிங். கிரேட்டிங்கில் மீட்டருக்கு 6 × 10⁵ கோடுகள் என்று கேள்வியிலேயே கொடுத்திருக்கும். நிறமாலையின் ஒவ்வொரு கோட்டுக்கும் கோணம் அளந்து, அதன் சைனை அந்த எண்ணால் வகுத்து, அலைநீளத்தை ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) சொல்ல வேண்டும். காலை பேட்ச் விடைத்தாள்களில் பச்சைக் கோட்டுக்கு 5461, 5460, 5462 என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண்ணின் தாளில் மட்டும் 5376. நீலம் 4358 இருக்க வேண்டிய இடத்தில் 4287. ஊதா 4047க்குப் பதில் 3986.

மார்க் பிரச்சினை இல்லை. இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் ரிசல்ட்டுக்கு முழு மார்க் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம், அவள் அதற்குள் இருந்தாள். எக்ஸ்டர்னலுக்கு அந்த எண் பிடிபடவில்லை, அவ்வளவுதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வளைந்து வளைந்து ஏறிவந்த களைப்பிலும் தாளை ஒழுங்காகப் படிக்கிற மனிதர். “ரீடிங் எல்லாம் அழகா இருக்கே, இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் 85 குறையுது?” என்றார்.

தாள் ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன். பச்சை, நீலம், ஊதா, எல்லாமே கிட்டத்தட்ட 0.984 மடங்கு. ஒரு கோடு தவறினால் கையில் பிழை. எல்லாக் கோடும் ஒரே விகிதத்தில் குறைந்தால் பிழை கையில் இல்லை, கிரேட்டிங் எண்ணில் இருக்கிறது. எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து கிரேட்டிங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி ஓரத்தில் பொடி எழுத்தில் 15,000 எல்.பி.ஐ. என்று இருந்தது. அங்குலத்துக்கு 15,000 கோடு. 0.0254ஆல் வகுத்தால் மீட்டருக்கு 5.9 லட்சம் சொச்சம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 6 × 10⁵. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே மஞ்சளாகிப் போயிருந்த சீட்டு அது. யாரோ ஒருவர் எப்போதோ 5.9ஐ ஆறு ஆக்கியிருக்கிறார். அந்த 1.6 சதவீதம்தான் அவளுடைய 85 ஆங்ஸ்ட்ராம்.

இதை எக்ஸ்டர்னலிடம் விளக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. பாருங்கள், எங்கள் பிள்ளை எவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறாள் என்று. அவர் தலையாட்டிவிட்டு, மற்றவர்களுக்கு எப்படிச் சரியாக வந்தது என்ற அந்த முதல் கேள்வியைக் கேட்டார்.

அதே பெட்டி, அதே சீட்டு. எல்லா மேஜையிலும் ஒரே நேரத்தில் வாங்கிய கிரேட்டிங். அதில் பச்சைக் கோடு 18 டிகிரி 49 மினிட்டில்தான் நிற்கும். 6 × 10⁵ஐப் போட்டு 5461 வரவேண்டும் என்றால் 19 டிகிரி 8 மினிட் வேண்டும். ஒரு மினிட்வரை வாசிக்கிற வெர்னியரில் 19 மினிட் தள்ளி யாருக்கும் கோடு தெரியாது. சீட்டு சரியாக இருந்தாலுமே கோணத்தில் ஒரு மினிட் தவறினால் விடை நாலரை ஆங்ஸ்ட்ராம் நகரும். ஒரு பேட்ச் முழுக்க 5461ஐச் சுற்றியே ஒன்றிரண்டுக்குள் நிற்க வழியே இல்லை. கால்குலேட்டரில் 5461ஐ முதலில் போட்டு, ஷிஃப்ட் சைன் அழுத்தி, கோணத்தை வரவழைத்து, அதை இரண்டு வெர்னியருக்கும் இடம் வலமாகப் பிரித்து எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நான் சொன்னது பொய் இல்லை. பிள்ளைகளைக் காட்டியும் கொடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அந்த இடத்தில் அதைவிட நல்ல பதில் இருந்திருக்குமா என்று பலமுறை யோசித்துவிட்டேன், தோன்றவில்லை. பிறகு ஏன் உறுத்துகிறது என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் பக்கமும் நியாயம் உண்டு. கீழே மதுரையில் இருந்துகொண்டு ‘தூரத்துப் பொருளைப் பார்த்து டெலஸ்கோப்பை ஃபோகஸ் செய்க’ என்று எழுதிவிடலாம். நவம்பரில் கொடைக்கானலில் தூரத்துப் பொருளுக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வருகிறது. கேட் பக்கத்து யூகலிப்டஸ் மரம்தான் கண்ணுக்கு எட்டும் கடைசிப் பொருள். சில நாள் அதுவும் இல்லை. இருட்டறையிலேயே ப்ரிஸம் வைத்து இணைகதிர் அமைக்கிற ஷூஸ்டர் முறை இருக்கிறது. (ஷூஸ்டர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தவர். அங்கேயும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல்தான் இதை யோசித்திருப்பார் என்று வகுப்பில் கிண்டல் செய்வேன்.) ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில் அதற்கு யாருக்குப் பொறுமை? குளிரில் மெர்குரி விளக்கு சூடேறி முழுப் பிரகாசத்துக்கு வர நேரம் எடுக்கும். ஐபீஸில் மூச்சுப் பட்டுப் புகை படியும், துடைத்தால் குறுக்குக் கம்பி ஆடும். லென்ஸில் பூஞ்சை வேறு. இந்த மலையில் லென்ஸைச் சும்மா பீரோவில் வைத்தால் சிலந்திவலை மாதிரிப் படர்ந்துவிடும். அது விடும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். பீரோவுக்குள் ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டு வைத்திருக்கிறோம். கரன்ட் போன நாட்களில் அதுவும் இல்லை. இத்தனைக்கும் நடுவே ஒரு பிள்ளை 5461 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே போனால், அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்படியானால் உறுத்துவது அந்தச் சீட்டுதான். எடைக்கல் குறைவான கடையில் எல்லோருக்கும் சரியாக நிறுத்துக் கொடுத்த கதை இது. வருஷா வருஷம் எல்லோருக்கும் சரியான விடை வந்ததால் சீட்டை யாரும் சந்தேகப்படவில்லை. இத்தனைக்கும் வகுப்பில் இதே சோதனையைத் திருப்பிப் போட்டுச் செய்கிறோம். பச்சைக்கு 5461 என்று வைத்துக்கொண்டு கோடுகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் 6 × 10⁵ வரும், சீட்டில் அப்படித்தானே இருக்கிறது! தேர்வில் 6 × 10⁵ கொடுத்தால் 5461 வரும். வகுப்பு தேர்வுக்குச் சாட்சி, தேர்வு வகுப்புக்குச் சாட்சி. நடுவில் ஒளி என்று ஒன்று அந்த மேஜை வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

மெர்குரியின் பச்சைக் கோடு லேசுப்பட்டதும் இல்லை. 1940களில் மெகர்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர், மெர்குரி 198 ஐசோடோப்பின் பச்சைக் கோட்டை வைத்தே மீட்டரை வரையறுக்கலாம் என்றார். கடைசியில் 1960இல் அந்த இடம் கிரிப்டானுக்குப் போனது, 1983இல் ஒளியின் வேகத்துக்குப் போனது, அது வேறு கதை. அவ்வளவு திடமான ஒரு கோட்டை, கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய மலிவான நகல் கிரேட்டிங்கால் அளக்கச் சொல்கிறோம். எது தெரிந்தது, எது தெரியாதது என்பதையே தலைகீழாகக் கேட்கிறோம்.

இந்த ஊரிலிருந்து சூரியனை ஆராய்ந்த எவர்ஷெட்டின் கதையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளும் சின்ன வயதிலேயே சுற்றுலாப் பயணிகளோடு போய்ப் பார்த்து வந்திருப்பார்கள். 1908இல் அமெரிக்க வானியலாளர் ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். அங்கே வாயு சுழல்கிறது என்பது அப்போதைய எண்ணம். அந்தச் சுழற்சியைத் தேடித்தான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் இங்கே நிறமாலைப் படங்கள் எடுத்தார். கிடைத்தது சுழற்சி இல்லை. புள்ளியின் நடுவிலிருந்து வெளியே பாயும் ஓட்டம். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் 6000 ஆங்ஸ்ட்ராமில் கோடு நகர்வது 0.04 ஆங்ஸ்ட்ராம்தான். எதிர்பார்த்ததை எழுதாமல் பார்த்ததை எழுதினார் என்று குரலை உயர்த்திச் சொல்வேன். வகுப்பில் அப்படிச் சொன்னவள்தான் தேர்வறையில் “அவங்களுக்கு விடை தெரியும் சார்” என்று சொன்னேன்.

அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். எவர்ஷெட்டுக்கு மத்தியான பேட்ச் கிடையாது. படம் சரியில்லை என்றால் மறுநாள் சூரியன் வரும். அவர் தேடிய விடை எந்த கைடிலும் அச்சாகியிருக்கவில்லை.

சரி, அந்த இரண்டாவது கேள்வி. சிரித்து முடித்ததும் அவர் அந்தத் தாளை மறுபடி எடுத்து, “அப்போ இந்தப் பொண்ணுக்கு விடை தெரியாதுங்கிறீங்களா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியான பேட்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மன்னவனூர்ப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். அவள் பார்த்ததை எழுதினாளா, இல்லை 5461 அன்று ஞாபகத்துக்கு வராததால் வேறு வழியின்றிக் கிடைத்ததை எழுதினாளா? இரண்டுக்கும் தாள் ஒன்றுதான். அன்று சாயங்காலம் அவளுடைய ரெக்கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கிரேட்டிங் சோதனைப் பக்கத்தில் பச்சை 5461 என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. கண்டுபிடித்த கோடுகளின் எண்ணிக்கை 5.99 × 10⁵. மற்றவர்களைப் போலவே வரவழைத்த எண். கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து. ஆக, அவளை நேர்மையின் உருவமாக வைத்துக் கதை சொல்லவும் எனக்கு வழியில்லை. ரெக்கார்டில் ஒரு மாதிரி, தேர்வில் ஒரு மாதிரி. நடுவில் என்ன நடந்தது?

கேட்டிருக்கலாம். சர்டிபிகேட் வாங்க வந்தபோது எதிரிலேயே நின்றாள். அம்மா எப்படி இருக்கிறார், பூண்டு இந்த வருஷம் என்ன விலை போனது என்றெல்லாம் விசாரித்தேன், இதைக் கேட்கவில்லை. “மறந்துட்டேன் மேம்” என்று சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. “பார்த்ததைத்தான் எழுதினேன்” என்று சொன்னால் அடுத்து நான் என்ன பேசுவது என்றும் இருந்தது.

லேப் அண்ணனிடம் மட்டும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். “அந்தப் பெட்டியில எப்பவும் கொஞ்சம் குறையாத்தான் மேடம் வரும்” என்றார், கை வேலையை விடாமல். தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு மேஜையையும் செட் செய்து பார்க்கிறவர் அவர்தான். ஏன் சொல்லவில்லை என்றால், “யாரும் கேக்கலையே” என்கிறார்.

சீட்டை மாற்றிவிட்டேன். 5.9 × 10⁵ என்று புதிதாக எழுதி ஒட்டினேன். அடுத்த வருஷம் பச்சைக்கு 5461, 5460, 5462 என்று வந்தது. சீட்டு மாறுவதற்கு முன்பும் அதுதான் வந்தது. இப்போது எது அளந்து வந்தது, எது வரவழைத்து வந்தது என்று ஒரு தாளைத் தனியாகப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. முன்பாவது தப்பான சீட்டு ஒன்று இருந்தது. கணக்கு போட்டு யார் நிஜமாகப் பார்த்தார்கள் என்று கண்டுபிடித்திருக்கலாம்.

அதனால் ஒரு யோசனை சொன்னேன். சீட்டே வேண்டாம், சோடியம் விளக்கை வைத்து அவர்களே கோடுகளை எண்ணிக்கொள்ளட்டும் என்று. துறையில் இருக்கும் சக ஆசிரியர் சிரித்தார். “சோடியத்துக்கு 5893ன்னு அவங்களுக்குத் தெரியாதா மேடம்?” ஹீலியம்-நியான் லேசர் என்றால் 6328. சி.டி. என்றால் தடத்துக்குத் தடம் 1.6 மைக்ரான். எதை எடுத்தாலும் விடை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம்தான் குடை ஞாபகம் வந்தது. இந்த ஊரில் குடை இல்லாத வீடு இல்லை. குடைத்துணி வழியாகத் தெருவிளக்கைப் பார்த்தால் சிலுவை மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரியும். 1785இல் ரிட்டன்ஹவுஸ் என்பவரிடம் நண்பர் ஒருவர் பட்டுக் கைக்குட்டை வழியாக இதே மாதிரி ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி ஏன் என்று கேட்க, அவர் தலைமுடிகளை வரிசையாகக் கட்டி ஒரு கிரேட்டிங்கே செய்து பார்த்தார். அவரவர் குடையைக் கொண்டுவரச் சொல்லி, லேசரை அடித்து, இழைக்கு இழை இடைவெளி கேட்டால்? ஒவ்வொரு குடைக்கும் ஒரு விடை. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எனக்கும் தெரியாது.

“நல்ல ஐடியாதான் மேடம்” என்றார் அந்தச் சக ஆசிரியர். “ரிசல்ட்டுக்கு மார்க் எதை வெச்சுப் போடுவீங்க?”

அளந்த விதத்தை வைத்துப் போடலாம், இன்னொருவர் அதே குடையை அளந்து வந்ததோடு ஒப்பிட்டுப் போடலாம் என்று ஏதோ சொன்னேன். எக்ஸ்டர்னல் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றார். அதுவும் சரிதான். இந்த நவம்பருக்கும் பழைய கேள்வியே பட்டியலில் போயிருக்கிறது.