வாத்தும் மூன்று ஹார்ன்களும்: வீட்டில் எழுதிய ஓர் இசை நாட்குறிப்பு

ஜனவரி 6, சனிக்கிழமை

மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மேற்கத்திய செவ்வியல் இசையின் பக்கம் நான் வந்ததே முப்பது வயதுக்குப் பிறகுதான் என்பதால், எனக்குத் தாமதமாகக் கிடைத்த செல்வம் இவர்களுக்காவது சிறு வயதிலேயே கிடைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு என்னிடம் உண்டு. சென்ற மாதம் அந்தத் தவிப்பே என்னைத் தவறு செய்ய வைத்தது. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முழுவதும் அசையாமல் கேட்க வேண்டும் என்று இருவரையும் உட்கார வைத்தேன். முதல் பகுதி முடிவதற்குள் மகன் நாற்காலிக்கு அடியில் போய்விட்டான். மகள் கடைசி வரை இருந்தாள். ஆனால் அடிக்கடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்காகவே இருந்தாள். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

இன்று முன்னுரை எதுவும் சொல்லாமல், மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டை மட்டும் ஒலிக்கவிட்டேன். இப்சனின் ‘பீர் கின்ட்’ நாடகத்துக்காக எட்வர்ட் கிரீக் எழுதி, 1876இல் மேடையில் ஒலித்த ‘மலையரசனின் மண்டபத்தில்’ என்ற பகுதி அது. செல்லோ, டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியங்களும் பஸ்ஸூன் என்ற தாழ்சுருதிக் குழலும் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து நடப்பதைப் போலத் தாழ்ந்த குரலில் தொடங்கும் மெட்டு, திரும்பத் திரும்ப வரும்போது வேகமும் சத்தமும் கூடி, இறுதியில் முழு இசைக்குழுவும் இடிந்து விழுவதைப் போல முடிகிறது. முதல் சில நொடிகளிலேயே மகன் நுனிக்காலில் நடக்கத் தொடங்கினான். ஒரு நிமிடம் கழித்து இருவரும் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஜனவரி 13, சனிக்கிழமை

ஒரு வாரம் முழுவதும் அதே துண்டு. ஒவ்வொரு மாலையும் “மலையரசன் போடுங்கப்பா” என்று மகன் வந்து நிற்கிறான். அடுத்த படைப்புக்குப் போய்விட வேண்டும் என்று என் மனம் பரபரத்தாலும் அடக்கிக்கொண்டேன். அது சரிதான் என்று நேற்று தெரிந்தது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ கேட்டபோது, “முதலில் வில் போட்டு இழுக்கவில்லை, விரலால் கிள்ளுகிறார்கள்” என்று மகள் சொன்னாள். கம்பியைச் சுண்டும் அந்த வாசிப்பு முறைக்குப் ‘பிட்சிகாட்டோ’ என்று பெயர் என்பதை அதன் பிறகுதான் சொன்னேன். காது தானாகக் கண்டுபிடித்த ஒன்றுக்குப் பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் மறக்காது. பெயரை முதலில் கொடுத்து ஒலியைத் தேடச் சொல்லியிருந்தால் அது பாடமாகியிருக்கும்.

ஜனவரி 20, சனிக்கிழமை

செர்கேய் புரோகோஃபியேவின் ‘பீட்டரும் ஓநாயும்’ இன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது. மாஸ்கோவில் குழந்தைகளுக்கான நாடக அரங்கை நடத்திவந்த நத்தாலியா சாட்ஸ் கேட்டுக்கொண்டதால் 1936இல் எழுதப்பட்ட இந்தப் படைப்பில், ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வாத்தியமாகவே வருகிறது. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ என்ற குழல், பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸ்ஸூன், பீட்டருக்குத் தந்தி வாத்தியங்கள், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள். வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசிலும் பெருமுரசிலும் கேட்கும்.

திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்தேன். படத்தோடு பார்த்திருந்தால் ஓநாயைக் கண் முதலில் கண்டுபிடித்திருக்கும். படம் இல்லாததால், மூன்று ஹார்ன்களும் சேர்ந்து அந்த இருண்ட சுருதியை எழுப்பியபோது மகன் தலையணையை இறுகக் கட்டிக்கொண்டான். ஓநாய் வாத்தை விழுங்கும் இடத்தில் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. “வாத்து செத்துப்போச்சா?” என்று கேட்டான். நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு, “கடைசி வரைக்கும் கேளு, வாத்தோட குரல் எதுன்னு உனக்குத்தான் தெரியுமே” என்று மட்டும் சொன்னேன். முடிவில் வேட்டைக்காரர்களின் ஊர்வலம் கடந்துபோன பிறகு, ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து ஓபோ மெல்ல முனகுகிறது. அவசரத்தில் ஓநாய் வாத்தை உயிரோடு விழுங்கியிருக்கிறது. கதைசொல்லி அதைச் சொல்லி முடிக்கும் முன்பே மகன் “இருக்கு! உள்ளே இருக்கு!” என்று எழுந்து நின்றுவிட்டான்.

ஒரு வாத்தியத்தின் ஒலியை அடையாளம் காண்பது ஓர் உயிர் பிழைத்திருக்கிறதா என்பதை அறியும் வழியாக ஆகும்போது, ஐந்து வயதுக் குழந்தை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறது என்பதை இன்று கண்ணால் பார்த்தேன்.

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை

வாத்தின் குரல் ஏன் மூக்கால் பேசுவதைப் போல இருக்கிறது என்று மகள் கேட்டாள். ஓபோவின் வாய்ப்பகுதியில் நாணலைச் சீவிச் செய்த இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். ஊதும்போது அவை விரைவாக மூடித் திறந்து அதிர்வதால் அந்த ஒலி பிறக்கிறது. இதைச் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது என்று பானங்களுக்கான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதன் ஒரு முனையை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நன்றாகத் தட்டையாக்கி, இரு ஓரங்களையும் சாய்வாக வெட்டிக் கூராக்கினோம். வெட்டிய பகுதியை வாய்க்குள் விட்டு, உதட்டால் மிக இறுக்காமல் பலமாக ஊத வேண்டும். முதல் பத்து முயற்சிகளிலும் காற்று மட்டுமே வந்தது. பிறகு திடீரென்று ஒரு வாத்து கத்தியது. (காகிதக் குழாய் இதற்குச் சரிப்படவில்லை, எச்சில் பட்டதும் துவண்டுவிடுகிறது.)

மகன் ஊதிக்கொண்டிருக்கும்போதே குழாயின் மறுமுனையைக் கத்தரியால் சிறிது சிறிதாக நறுக்கினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் சுருதி ஒரு படி மேலே ஏறியது. குழாய் குறுகினால் சுருதி உயரும் என்பதை இருவரும் இனி மறக்க மாட்டார்கள். அப்படியானால் ஓநாயின் ஹார்ன் எவ்வளவு நீளம் என்று மகள் கேட்டாள். சுருண்டிருக்கும் அந்தப் பித்தளைக் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 3.7 மீட்டர் வரும் என்று சொல்லி, அந்த அளவுக்கு நூலை வெட்டித் தரையில் நீட்டி வைத்தோம். மகன் அதன் பக்கத்தில் படுத்துப் பார்த்தான். அவனைப் போல மூன்று பேர் படுத்தாலும் நூல் மிஞ்சும். அதன் பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயின் ஒரு முனையில் புனலைச் செருகி, மறுமுனையில் உதடுகளை அதிரவிட்டு ஊதினோம். அது மிகச் சரியான ஓநாயாகவே ஒலித்தது.

பிப்ரவரி 10, சனிக்கிழமை

பிரெஞ்சு இசையமைப்பாளர் சென்-சாவின் ‘விலங்குகளின் திருவிழா’விலிருந்து நான்கு துண்டுகள் மட்டும் கேட்டோம். ஆமைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஆஃபென்பாக்கின் துள்ளலான கான்-கான் நடன மெட்டு. அதை நகரவே மறுக்கும் வேகத்தில் வாசிக்க வைத்திருக்கிறார். மூல மெட்டை முதலில் வேகத்தோடு கேட்டுவிட்டு ஆமைக்கு வந்ததால்தான் மகளால் அந்த வேடிக்கையை அனுபவிக்க முடிந்தது. இந்த வரிசையைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். 1886இல் எழுதிய இந்தப் படைப்பு தன்னுடைய தீவிரமான இசையின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று அவர் அஞ்சினார். செல்லோவுக்கான ‘அன்னம்’ ஒன்றைத் தவிர வேறெதையும் தாம் வாழும்வரை அச்சிட அனுமதிக்கவில்லை. அந்த அன்னத்தைத்தான் இப்போது தினமும் உறங்கும் நேரத்தில் ஒலிக்கவிடுகிறோம்.

பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை

பாலேவைக் காணொளியில் தொடங்காமல் கைகளில் தொடங்கினேன். செவ்வியல் பாலேயில் பேச்சுக்குப் பதிலாக வரும் அபிநயங்களுக்கு நிலையான பொருள் உண்டு. முகத்தைச் சுற்றிக் கையால் வட்டமிட்டால் அழகு. தலைக்கு மேல் இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றவிட்டால் நடனம். மோதிர விரலைச் சுட்டினால் திருமணம். இரு விரல்களை மேலே உயர்த்தினால் சத்தியம். விரல்களை மூடிய இரு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக்கித் தாழ்த்தினால் மரணம். இந்த ஐந்தையும் கற்றுக்கொண்டு, ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நாங்களே விதி வைத்துக்கொண்டோம். மகனால் பத்து நிமிடம்தான் தாங்க முடிந்தது என்றாலும், நாடகம் நன்றாகவே நடந்தது.

மாலையில் ‘அன்ன ஏரி’யின் இரண்டாம் அங்கத்தில், ஓடெட் இளவரசனிடம் தன் கதையைச் சொல்லும் இடத்தை மட்டும் பார்த்தோம். பழைய மரபைப் பின்பற்றும் அரங்கேற்றங்களில் அவள் கைகளாலேயே சொல்கிறாள்: இந்த ஏரி என் தாயின் கண்ணீர், ஒரு கொடியவன் என்னை அன்னமாக்கினான், ஒருவன் என்னை நேசித்து, மணந்து, சத்தியம் செய்தால் மட்டுமே எனக்கு விடுதலை. “சத்தியம் பண்ணச் சொல்றா!” என்று மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். சில அரங்கேற்றங்களில் இந்த அபிநயத்தை நீக்கிவிட்டு நடனமாக மாற்றிவிடுகிறார்கள். குழந்தைகளுக்குக் காட்டுவதாக இருந்தால், அபிநயம் உள்ளதைத் தேடி எடுப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து நான்கு அன்னக்குஞ்சுகளின் நடனம். கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, நால்வரும் தலையையும் காலையும் ஒரே நொடியில் திருப்புகிறார்கள். நாங்களும் நால்வர் என்பதால் மனைவி, நான், குழந்தைகள் என்று வரிசையாகக் கைகோத்து முயன்றோம். நான்காவது அடியிலேயே கலைந்துவிட்டது. மறுபடி காணொளியைப் பார்த்தபோது குழந்தைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள், ஏனென்றால் அது எவ்வளவு கடினம் என்று அவர்களின் கால்களுக்கு இப்போது தெரியும்.

மகள் கால்விரல் நுனியில் நிற்க முயன்றதை மட்டும் தடுத்தேன். துணியையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டிக் கெட்டியாக்கிய தனிக் காலணியும் பல ஆண்டுப் பயிற்சியும் அதற்கு வேண்டும். எலும்பு வளர்ந்து கால் பலம் பெறும் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் நல்ல ஆசிரியர்கள் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை.

மார்ச் 2, சனிக்கிழமை

வசனத்தைப் பாட்டாகவே பாடி நடிக்கும் ஓபராதான் கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அப்படியே ஆயிற்று. உச்சக் குரல் எழுந்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்: ஒரு மனிதர் இப்படிக் குரலெழுப்புவதை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை, அதனால் சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்?

எனவே அந்தக் குரல் ஏன் அப்படி ஆனது என்பதைச் சோதித்துப் பார்த்தோம். இசைக்குழுவின் ஒலிப்பதிவைச் சத்தமாக வைத்துவிட்டு, அறையின் மறுமூலையிலிருந்து மகள் சாதாரணமாகப் பேசினாள், ஒன்றும் கேட்கவில்லை. ஓபராப் பாடகர் ஒலிவாங்கி இல்லாமல், அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாட வேண்டும். பயிற்சி பெற்ற குரல்களில், குறிப்பாக ஆண் குரல்களில், ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையொட்டி ஆற்றல் குவிகிறது. இசைக்குழுவின் ஒலி அந்த இடத்தில் தணிந்திருப்பதால் குரல் ஊடுருவி வெளியே வருகிறது. “அப்போ அவங்க கத்தலை, வழி கண்டுபிடிக்கிறாங்க” என்றாள் மகள்.

மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ கதையை நேற்று இரவே உறங்கும்போது சொல்லிவைத்திருந்தேன். வாத்திய இசைக்கு முன்னுரை வேண்டாம் என்று நினைக்கிற நான், ஓபராவுக்குக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றே கருதுகிறேன்; புரியாத மொழியில் பாடும்போது, எழுத்து தெரியாத குழந்தைக்குத் திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளும் உதவாது. பறவை பிடிக்கும் பபகேனோவும் அவன் காதலி பபகேனாவும் “ப-ப-ப-ப” என்று திக்கித் திக்கிக் கண்டுகொண்டு, பிறக்கப்போகும் குழந்தைகளை எண்ணி மகிழும் பாட்டு மகனுக்கு உடனே பிடித்துவிட்டது. 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் அரங்கேறியபோது பபகேனோவாக நடித்தவர், அந்த ஓபராவின் சொற்களை எழுதிய ஷிகானேடர். அவர் மேடையில் மணிவாத்தியத்தை இசைப்பதாக நடிக்க, அதன் ஒலி திரைமறைவிலிருந்து வரும். ஒரு நாள் மொசார்ட்டே உள்ளே போய், ஷிகானேடர் சும்மா நின்ற நேரத்தில் வேண்டுமென்றே மணிகளை ஒலிக்கவிட்டு அவரைத் திகைக்க வைத்தார். இதை மொசார்ட் தம் மனைவிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தக் கதையை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

இரவின் அரசியுடைய இரண்டாம் பாட்டை வைப்பதற்கு முன் தயங்கினேன். அதில் ஒரு தாய் தன் மகளிடம் கத்தியைக் கொடுத்து, ஒருவரைக் கொல்லாவிட்டால் நீ என் மகளே இல்லை என்கிறாள். மென்மையாக மாற்றிச் சொல்லலாமா என்று எண்ணி, கடைசியில் மகளிடம் மட்டும் உள்ளபடியே சொன்னேன். முதல்முறை சிரித்த அதே உச்சச் சுரங்களை அவள் இப்போது சிரிக்காமல் கேட்டாள். “அவங்களுக்குக் கோபத்துல பேச்சு வரலை, அதான் வெறும் சத்தமா வருது” என்றாள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தோன்றியதில்லை.

மார்ச் 16, சனிக்கிழமை

ஹம்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரேட்டலும்’ ஓபராவை நான்கு மாலைகளாகப் பிரித்துப் பார்த்து முடித்தோம். 1893இல் வைமாரில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசைக்குழுவை நடத்த அரங்கேறிய இந்தப் படைப்பின் தொடக்கம் ஒரு வீட்டில்தான்: ஹம்பர்டிங்கின் தங்கை அடெல்ஹைட் வெட்டே, தம் குழந்தைகள் வீட்டில் நடிப்பதற்காகச் சில பாட்டுகளை அண்ணனிடம் கேட்டார், அந்தப் பாட்டுகளே வளர்ந்து முழு ஓபராவாயின. ஹான்சலைப் பாடுபவர் பெண் என்பது மகனுக்கு முதலில் பிடிக்கவில்லை, இரண்டாம் நாள் மறந்துவிட்டான். காட்டில் வழிதவறிய இருவரும் உறங்கும் முன் பாடும் மாலைப் பிரார்த்தனையில் பதினான்கு தேவதைகள் காவலுக்கு வருகிறார்கள். அந்தக் காட்சியில் விரல்விட்டு எண்ணிய மகன், பன்னிரண்டாவதில் தூங்கிப்போனான்.

மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை

இன்று ஓர் இசைக்குழுவின் முழுக் கச்சேரிப் பதிவைப் போட்டோம். நடத்துநர் மேடைக்கு வருவதற்கு முன் ஒற்றைச் சுரம் ஒன்று நீளமாக எழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வயலின்களும் குழல்களும் பித்தளை வாத்தியங்களும் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தன. நான் எதுவும் சொல்வதற்குள் மகன் திரையருகே ஓடினான். “அப்பா, வாத்து! வாத்துதான் எல்லாரையும் கூப்பிடுது!”

ஓபோதான் அந்தச் சுரத்தைக் கொடுக்கிறது. மறுபடி போடச் சொன்னான், போட்டேன். உறிஞ்சுகுழாயை எடுத்துவந்து தானும் அந்தச் சுரத்தைப் பிடிக்க முயன்றான். மகள் கத்தரியோடு பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று நறுக்கிக்கொண்டிருந்தாள். சுருதி சேர்க்கும் அந்த அரை நிமிடத்தை ஏழு முறை கேட்டோம். சிம்பொனிக்கு இன்று போகவில்லை.