ஏழே அரைக்கால்

என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் இரண்டு தொப்பிகள் இருந்தன. ஒன்று காக்கித் துணி போர்த்திய நெட்டித் தொப்பி. மற்றொன்று வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் விலங்கு மயிரை நெய்யாமல் இறுக்கிச் செய்யும் ஃபெல்ட் தொப்பி ஒன்று, இப்போது எல்லோரும் ஃபெடோரா என்று சொல்லும் வகை. சித்தப்பா பெட்டியைத் திறந்தபோது ஃபெல்ட் தொப்பியின் விளிம்பு முழுக்க வெண்சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. உள்ளே நெற்றியில் படியும் தோல்பட்டை ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கியது. குப்பையில் போடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் தடுத்ததற்குத் தாத்தா மீதுள்ள பாசம்தான் காரணம் என்று அன்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தபோது அது என் தலைக்கே அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

உள்பட்டையின் பின்புறம் ஒட்டியிருந்த சின்னக் காகிதத் துண்டில் 7⅛ என்று அச்சிட்டிருந்தது. தாத்தாவாக இருந்தால் அதை ‘ஏழே அரைக்கால்’ என்று படித்திருப்பார். முக்காலே அரைக்கால், காலே அரைக்கால் என்றெல்லாம் வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த தலைமுறைக்குத் தொப்பிக் கடைக்காரர்களின் கணக்கு புதிதாக இருந்திருக்காது. எனக்குத்தான் அது குழியாகிவிட்டது. என் அளவு ஏழே அரைக்கால் என்று முடிவுகட்டிக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து பழைய தொப்பிகளை விற்கும் ஒருவரிடம் அதே எண் போட்ட சாம்பல் நிறத் தொப்பி ஒன்றை வரவழைத்தேன். தொப்பியின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். போட்டுக்கொண்டு சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை போய்த் திரும்புவதற்குள் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்து, நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ‘குல்லா போட்டுவிட்டான்’ என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிட நேரடியான பொருள் கிடைக்காது என்று நண்பர்கள் சிரித்தார்கள்.

விற்றவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. தாத்தாவின் தொப்பி இங்கிலாந்தில் செய்தது. அந்த நாட்டு எண்ணும் அமெரிக்க எண்ணும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அரைக்கால் தள்ளி நிற்பவை. 58 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலைக்கு இங்கிலாந்தில் 7⅛ என்று போடுவார்கள். அதே தலைக்கு அமெரிக்காவில் 7¼. அமெரிக்க 7⅛ என்பது 57 சென்டிமீட்டர், இங்கிலாந்துக் கணக்கில் வெறும் 7. தலையின் சுற்றளவை வட்டமாகப் பாவித்து, அந்த வட்டத்தின் குறுக்களவை அங்குலத்தில் சொன்னால் கிடைப்பதுதான் இந்த எண். 58 சென்டிமீட்டரை 3.14 ஆல் வகுத்து அங்குலமாக மாற்றினால் ஏழேகாலுக்கு ஒட்டி வரும். ஐரோப்பியத் தொப்பிகளில் சுற்றளவையே சென்டிமீட்டரில் போட்டுவிடுவதால் இந்தத் தலைவலி இல்லை. ஆகவே பழைய தொப்பி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அது எந்த நாட்டில் செய்தது என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, உள்பட்டையின் உட்புறச் சுற்றளவை டேப் வைத்து அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும். ஐம்பது, அறுபது ஆண்டு வியர்வையிலும் வெயிலிலும் தோல் சுருங்கியிருக்கும். லேபிளில் இருப்பது அது கடையை விட்டுக் கிளம்பிய நாளின் அளவு, அவ்வளவுதான்.

தலையை அளக்கும் இடத்திலும் பலர் தவறுகிறார்கள். தையற்கடை இஞ்சு டேப் போதும். அது இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி, பிறகு அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். நெற்றியின் நடுவில், புருவத்துக்கு மேலே தொப்பி படிய வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் தொடங்கி, காதுகளுக்குச் சற்று மேலாகப் போய், பின்மண்டையின் புடைப்பின் மேல் டேப் செல்ல வேண்டும். இறுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. மூன்று முறை அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரிய தொப்பியைச் சிறிதாக்குவது ஐந்து நிமிட வேலை, சிறியதைப் பெரிதாக்குவது பெரும்பாடு. திருகினால் விரியும் மரக்கட்டை ஒன்று அதற்காகவே உண்டு; நல்ல தோல்பட்டை என்றால் அதை வைத்து அரை அளவு வரை, அதாவது சுமார் அரை சென்டிமீட்டர், நெகிழ்த்தலாம், காய்ந்த தோல் என்றால் பிளந்துவிடும். எண் சரியாக இருந்தும் நெற்றியிலும் பின்மண்டையிலும் மட்டும் அழுத்தி, காதுப் பக்கம் இடைவெளி விழுகிறது என்றால் உங்கள் தலை நீள்வட்டம். அதற்கு எண்ணை மாற்றிப் பயனில்லை; அதே அளவில் நீள்வட்டமாகச் செய்த தொப்பியைத்தான் தேட வேண்டும்.

சிறிதாக்கும் வித்தையைத் தாத்தாவிடமிருந்தே கற்றேன், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. தொங்கிக்கொண்டிருந்த உள்பட்டையை மெல்லப் புரட்டியபோது அதன் பின்னால் நீளவாக்கில் நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. பழுப்பேறி, வியர்வை குடித்து, மடிப்புகளில் இற்றுப்போயிருந்தது. ஒரு பற்பொடி விளம்பரத்தின் பாதி மட்டும் படிக்க முடிந்தது. அதாவது அந்தத் தொப்பி தாத்தாவின் அளவே அல்ல. தோட்டத்து துரை யாரோ ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதை, பொட்டுப் பக்கங்களில் காகிதம் செருகி அவர் தன் தலைக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் முறை அதேதான். காகிதம் மட்டும் வேண்டாம். அது ஈரத்தை இழுத்துத் தோலைக் கெடுக்கும். பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்சு நாடாவை, முதலில் முன்னும் பின்னும், போதாவிட்டால் பக்கங்களிலும் வைத்தால் ஒரு சென்டிமீட்டர் வரை சரிக்கட்டலாம்.

தேர்ந்தெடுப்பதில் பெயருக்கு மயங்குவதை நான் விட்டுவிட்டேன். 1857-இல் இத்தாலியின் அலெசாண்ட்ரியாவில் தொடங்கிய போர்சலினோவும், 1865-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஸ்டெட்சனும் அற்புதமான தொப்பிகளைச் செய்தவைதான். ஆனால் அவற்றிலேயே மலிவு வகையும் உண்டு, அந்துப்பூச்சி பெயர் பார்த்துத் தின்பதும் இல்லை. அமெரிக்கத் தொப்பிகளின் உள்ளே வரிசையாக எக்ஸ் எழுத்துகள் போட்டிருப்பதைத் தர முத்திரையாக நினைத்து விலை ஏற்றுகிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பொருள் வைத்திருந்தது, பொது அளவுகோல் ஏதும் இல்லை. பார்க்க வேண்டியது ஃபெல்ட் எதனால் ஆனது என்பதைத்தான். முயல், பீவர் போன்றவற்றின் மென்மயிரில் செய்தது மெல்லியதாகவும், விரலில் வழுக்கிக்கொண்டு போவதாகவும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சேப்பங்கிழங்கு இலையில் விட்டதுபோல உருண்டு நிற்கும். ஆட்டு ரோமத்தில் செய்தது தடிமனாக, கம்பளித் துணி போலச் சற்றே சொரசொரப்பாக இருக்கும். மழையில் இரண்டு முறை நனைந்தால் விளிம்பு தொய்ந்துவிடும். பிறகு தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளிருந்து பாருங்கள். அந்துப்பூச்சி அரித்த இடத்தில் நட்சத்திரம்போல ஒளிப்புள்ளி தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஃபெல்ட்டுக்கு நெய்த இழை கிடையாது, ஓட்டையை இழை கோத்து மறைக்க முடியாது.

முகத்துக்குப் பொருத்தம் பார்ப்பதில் பெரிய சாத்திரம் ஒன்றும் இல்லை. கன்ன எலும்பின் அகலத்தைவிடத் தொப்பியின் மேல்கூடு ஒடுங்கியிருந்தால் முகம் பூசணிக்காயாகத் தெரியும். என்னைப் போல ஐந்தடி நான்கு அங்குலக்காரர்கள் ஏழு சென்டிமீட்டர் விளிம்பு வைத்தால் காளான். ரிப்பன் முடிச்சு இடப்பக்கமும், உள்பட்டையில் இருக்கும் குட்டி முடிச்சு பின்பக்கமும் வர வேண்டும். இதைத் தெரியாமல் முன்னைப் பின்னாகப் போட்டுக்கொண்டு எடுத்த புகைப்படங்கள் என்னிடமே நாலைந்து இருக்கின்றன.

பூசணத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் தட்டினால் அதன் தூள் எங்கும் பரவும் என்பதால், முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியின் நிழலில் இரண்டு நாள் காற்றாட வைத்து, குதிரைமுடி பிரஷ்ஷால் மெல்லத் துடைத்தேன். மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகப் போவதுதான் பிரஷ் ஓட்டும் முறை. ஃபெல்ட்டின் மயிர் அந்தத் திசையிலேயே படிந்திருக்கும். கறுப்புக்கும் வெளிர் நிறத்துக்கும் தனித்தனிப் பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது. பூச்சி முட்டை ஏதும் இருக்குமோ என்ற சந்தேகத்துக்குப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட்டால் ஈரம் பையின் வெளிப்புறத்தில்தான் வேர்க்கும்.

நசுங்கிய மேல்கூட்டை ஆவியில்தான் நிமிர்த்த முடியும். ஃபெல்ட்டை விறைப்பாக்க அதில் அரக்கு ஏற்றியிருப்பார்கள், நம் நாட்டிலிருந்து போன அதே அரக்கு. ஆவி பட்டதும் அது இளகும், மயிரும் நெகிழும். சூடு ஆறுவதற்குள் விரலால் வடிவம் கொடுத்து அப்படியே ஆறவிட்டால் நின்றுகொள்ளும். ஆர்வத்தில் முதல் நாள் இட்லிப் பானையின் ஆவியில் காட்டி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டியதில் நியாயம் இருக்கிறது என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. மயிரை ஃபெல்ட்டாக இறுக்குவதற்காக அந்தக் காலத்தில் பாதரச நைட்ரேட்டைப் பூசினார்கள். தொப்பித் தொழிலாளர்கள் கைநடுக்கமும் மனக்குழப்பமும் வந்து அவதிப்பட்டதற்கு அதுவே காரணம். அமெரிக்காவில் இந்த வழக்கம் 1941-இல்தான் நின்றது. பழைய தொப்பியில் அதன் எச்சம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், இப்போது இதற்கென்று ஒரு தனிக் கெட்டில் மாடியில் இருக்கிறது. திறந்த வெளியில் மட்டுமே ஆவி காட்டுகிறேன், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன்.

தோல்பட்டையைத் தைக்க முதல் அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தோலு காயிதமாட்டம் இருக்குதுங்க தம்பி. புதுசா ஓட்டை போட்டா கிழிஞ்சு போயிரும், முன்ன குத்துன எடத்துலயேதான் குத்தோணும்,” என்றார். செருப்பு ஊசியை ஒதுக்கிவைத்துவிட்டு மெல்லிய கையூசியை எடுத்து, பழைய துளைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் துழாவி, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து தைத்தார். வேண்டாம் என்று அவர் சொன்ன ஒரே காரியம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மெதுவாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஃபெல்ட்டில் ஊறிக் கறையாகிவிடும். தோலுக்கென்று விற்கும் கிரீமைத் துணியில் தொட்டு, பட்டையில் மட்டும், வருடத்துக்கு இரண்டு முறை பூசினால் போதும்.

நெட்டித் தொப்பிக்கு இந்த வைத்தியம் எதுவும் ஆகாது. ‘சோலார் தொப்பி’ என்று நாம் சொல்வதைக் கேட்டுச் சூரியனோடு முடிச்சுப் போடுகிறார்கள்; அது உண்மையில் ‘சோலா’, வட நாட்டில் நெட்டிச் செடிக்கு வழங்கும் பெயர். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டுகிறோமே நெட்டி மாலை, தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களாகச் செதுக்குகிறார்களே, அந்தத் தக்கைதான் துரைமார் தலையிலும் இருந்தது. தண்ணீர் பட்டால் உறிஞ்சி உருக்குலையும், ஆவி காட்டினால் அதோடு முடிந்தது. உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டி, உள்ளே மெல்லிய பருத்தித் துணியைச் சுருட்டி வைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகும் எண்ணமும் எனக்கு இல்லை.

ஃபெல்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறேன். ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம் “ஷூட்டிங்குக்கா?” என்று நண்பன் கேட்காத நாள் இல்லை. கழற்றும்போது மேல்கூட்டின் முன்பக்கக் குழியைப் பிடித்துத் தூக்குவது எல்லோருக்கும் கை தானாகப் போகிற பழக்கம். ஃபெல்ட் முதலில் விரிசல் விடுவதும் அந்த இடத்தில்தான். இரு கையாலும் விளிம்பின் முன்னும் பின்னும் பிடித்துக் கழற்ற வேண்டும், விளிம்பு மேலே பார்க்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். நனைந்துவிட்டால் உதறி, உள்பட்டையை வெளியே புரட்டி, அந்தப் பட்டையின் மேலேயே நிற்க வைத்து மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். ஹேர் டிரையர் காட்டினால் ஒரே மாலையில் ஏழே அரைக்கால் ஏழாகிவிடும்.

இவ்வளவும் செய்து எனக்கு மீதமிருக்கிற தொல்லை ஊரின் தட்பவெப்பம்தான். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் இருப்பது முப்பது கிலோமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும். ஆனால் தொப்பிக்கு அவை இரண்டு தேசங்கள். கீழே சித்திரை, வைகாசி வெயிலில் இரும்பு பீரோவுக்குள் தோல் காய்ந்து சுக்காகிறது. மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், சாரல் தொடங்கிவிட்டால் சேவராயன் மலையின் மூடுபனி சாத்திய கதவுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாச்சை உருண்டையும் வசம்பும் பூச்சிக்குக் காவல், பூசணத்தை அவை சட்டை செய்வதில்லை. அதனால் மூன்று வருடமாக மாசி முடிந்ததும் தொப்பியைச் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆடிக்குள் கீழே இறக்கிவிடுகிறேன். இந்த முறை வேலை மும்முரத்தில் நாள் தள்ளிப்போய்விட்டது. நேற்று இரவு சித்தப்பாவே போன் செய்தார்.

“தொப்பிய வந்து எடுத்துக்கிட்டுப் போ சாமி. இங்க சொவரே வேர்த்துக் கெடக்குது.”