மணத்துக்குப் பின்னால் இருக்கும் பீர்

ஹேஸி ஐபிஏ என்ற, கலங்கலாகவும் மணம் தூக்கலாகவும் இருக்கும் பீர் வகையை (ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல்) ருசி பார்த்து மதிப்பெண் போடுவது சுலபம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கிளாஸைக் கையில் எடுத்ததுமே மாம்பழம், கொய்யா, ஆரஞ்சுத் தோல் என்று மணம் தானாக மேலே வருகிறது. அதை எழுதி, ஐம்பதுக்கு நாற்பதைத் தாண்டிய ஒரு எண்ணைப் போட்டால் முடிந்தது. கிராஃப்ட் பீர் ஆலையின் தரப் பிரிவில், ருசிக் குழுவில் பல வருடங்கள் உட்கார்ந்த பிறகு எனக்குப் படுவது நேர் எதிர். எங்கள் மேசைக்கு வரும் பீர்களிலேயே ஆளை அதிகம் மயக்கி ஏமாற்றுவது இதுதான். தெளிந்த, மென்மையான லாகர் பீரில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் அது ஒளிய இடம் கிடையாது. ஹேஸி ஐபிஏ-வில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் மணம் ஒரு பெரிய திரையாக முன்னால் நிற்கிறது. ருசிப்பவரின் வேலை அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

இந்த வகை பிறந்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். அங்கே வாட்டர்பரி ஊரில் இருந்த தி ஆல்கெமிஸ்ட் ஆலையின் ஹெடி டாப்பர்தான் பலரும் முன்னோடியாகச் சொல்லும் பீர். வடிகட்டாத, கலங்கலான, கசப்பைவிட மணம் தூக்கலான ஐபிஏ. 2011-இல் அதைக் கேனில் அடைக்கத் தொடங்கிய பிறகு அதன் பேர் வெளியே பரவியது. கேனிலிருந்தே குடியுங்கள் என்று கேனிலேயே அச்சிட்டிருந்தார்கள். கலங்கல் என்றாலே பழுது என்று நினைத்த காலம் அது. 2018-இல் அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் இதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் அதிகப் பீர்கள் போட்டிக்கு வந்த பிரிவே இதுதான்.

நாங்கள் பயன்படுத்தும் தாள், பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் பிஜேசிபி என்ற அமைப்பின் முறையை ஒட்டியது. மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. புதிதாக வருபவர்கள் தோற்றத்துக்கு வெறும் 3 தானா என்று கேட்பார்கள். எனக்கு இந்தப் பங்கீடு ரொம்பப் பிடிக்கும். பளபளக்கும் மஞ்சள், அடர்ந்த வெள்ளை நுரை, படம் எடுக்கத் தோன்றும் கலங்கல், எல்லாம் சேர்ந்தும் மூன்றுதான். அதிலும் கலங்கல் வேறு, சேறு வேறு. ஓட்ஸ், கோதுமையிலிருந்து வரும் புரதமும் ஹாப்பிலிருந்து வரும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் கைகோத்து நிற்கும் கலங்கலில் ஒரு ஒளி இருக்கும். ஈஸ்ட் கட்டிகளோ ஹாப் துகள்களோ மிதந்தால் அது வகையின் அழகு அல்ல, குறை. கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடிப்பகுதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மணத்துக்கு வருவோம். ஊற்றிய உடனே மூக்கை வைக்க வேண்டும், நுரை அடங்குவதற்கு முன்னால். முதலில் கிளாஸை மூக்குக்குக் கீழே ஒருமுறை கடத்துவேன். அப்புறம் ரெண்டு மூன்று சின்ன மோப்பம், அப்புறம் ஒரு நீண்ட இழுப்பு. முதல் மோப்பத்தில் எது பட்டதோ அதை உடனே எழுதிவிடுவேன். நீண்ட நேரம் முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். மரத்த மூக்கோடு எழுதியதெல்லாம் கற்பனை. நடுவில் என் சட்டைக் கையையோ புறங்கையையோ முகர்ந்துகொள்வேன். சொந்த வாசனையில் மூக்கு மறுபடி நிதானத்துக்கு வரும். ருசி பார்க்கும் நாளில் வாசனை சோப்பு, சென்ட் எதுவும் கிடையாது. அது எங்களுக்குள் சட்டம் மாதிரி.

பழ மணம் என்று மட்டும் எழுதினால் பீர் காய்ச்சும் ப்ரூவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சிட்ரா என்ற ஹாப் ரகத்தில் பம்ப்ளிமாஸும் பழுத்த மாம்பழமும் வரலாம்; மொசைக்கில் புளூபெரியோடு கொஞ்சம் பச்சிலை; ஆஸ்திரேலியாவின் கேலக்ஸியில் பேஷன் ஃப்ரூட்; நியூசிலாந்தின் நெல்சன் சாவின் வெள்ளை வைனை நினைவுபடுத்தும். அதே மொசைக்கைக் கொடியில் நாளாக விட்டுப் பறித்தால் வெங்காயமும் பூண்டும் தலைதூக்கும். தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் மிக மிகச் சிறு அளவில் கொய்யாவாகவும் பேஷன் ஃப்ரூட்டாகவும் தெரியும். அவற்றில் ஒன்று அளவு மீறினால் பூனை மூத்திர வாடை. ஆக, ஹாப் மணம் பலமாக இருக்கிறது என்பதாலேயே அது நல்ல மணம் ஆகிவிடாது. மணம் தெளிவாக இருக்கிறதா, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல முடிகிறதா, அல்லது எல்லாம் குழம்பி வெறும் பச்சை வாடையாக நிற்கிறதா என்பதையும் எழுத வேண்டும். 12-இல் 10-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் விழும்.

நான் ரொம்பக் கண்டிப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. சுவைக்கும் ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கும் உரிய எண்களை முதல் மடக்கில் எழுத விடமாட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பீர் 4 டிகிரியில் இருக்கும்போது ஹாப் மட்டுமே பேசும். 10, 12 டிகிரிக்கு வரும்போதுதான் அடியில் இருக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்), ஆல்கஹால், ஈஸ்ட் செய்த நல்லதும் கெட்டதும் மேலே வரும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு காத்திருப்பேன். கடைசி மூன்று மடக்கும் முதல் மடக்கைப் போலவே சொன்னால் அந்த பீரை நம்பலாம். விழுங்காமல் இந்த வேலை முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுங்கி மூச்சை மூக்கு வழியாக விடும்போது ஏறும் மணம்தான் பாதி ருசி. அதனால்தான் அளவைச் சின்னதாக வைத்துக்கொள்கிறோம், பீர்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்கிறோம்.

திரைக்குப் பின்னால் என்று சொன்னேனே, அங்கே நான் அதிகம் தேடுவது வெண்ணெயை. அந்த வாடையைத் தருவது, நொதிப்பில் உருவாகும் டையசிட்டில் என்ற பொருள். சாதாரண பீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். ஹேஸி ஐபிஏ-வில் அதே அளவு, மாம்பழ மணத்தோடு சேர்ந்து ‘நல்ல க்ரீமியா இருக்கு’ என்று பேர் வாங்கிக்கொண்டு தப்பிவிடும். ஒருமுறை டேங்கிலிருந்து எடுத்த மாதிரி இப்படித்தான் வந்தது. டிரை ஹாப், அதாவது கொதிக்கவைக்காமல் டேங்கிலேயே சேர்க்கும் ஹாப், போட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. மணம் பிரமாதம். ப்ரூவர் வயதில் மூத்தவர், எனக்கு இந்தத் தொழிலில் பாதியைக் கற்றுக்கொடுத்தவர். “நல்லாதான இருக்கு? நாளைக்கு குளிர வெச்சு அடைச்சிடலாமா?” என்று கேட்டார். எனக்கும் முதல் மடக்கு பிடித்திருந்தது. ஆனால் நாக்கின் மேல் ஒரு வழுக்கல் நின்றது. ஓட்ஸ் தரும் வழவழப்பு விழுங்கியதும் போய்விடும். இது போகாமல் பல்லின் பின்புறம் வரை படிந்திருந்தது.

“ஒரு சூடு டெஸ்ட் பார்த்துடலாம்ணே” என்றேன். அது எளிமையான சோதனை. ஒரே மாதிரியை மூடிய ரெண்டு குப்பிகளில் எடுக்க வேண்டும். ஒன்றை 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு மற்றதன் குளிர்ச்சிக்கே கொண்டுவந்து, ரெண்டையும் அடுத்தடுத்து முகர வேண்டும். பீருக்குள் டையசிட்டிலாக மாறக் காத்திருக்கும் முன்பொருள், ஆல்ஃபா அசிட்டோலாக்டேட், சூட்டில் சட்டென்று மாறிவிடும். டேங்கில் பல நாட்களில் நடக்கப்போவதைக் குப்பி அரை மணி நேரத்தில் காட்டிவிடும். சூடாக்காத குப்பியில் மாம்பழம். சூடாக்கியதைத் திறந்ததும் பாப்கார்னுக்கு ஊற்றும் வெண்ணெய் வாடை, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல். அவர் ரெண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய் அடைக்கும் தேதியை அழித்தார்.

இது ஏன் இந்த வகையில் அடிக்கடி வருகிறது என்றால், காரணம் ஹாப்பேதான். ஹாப்பில் சில என்சைம்கள் இருக்கின்றன. ஈஸ்ட் தொட முடியாமல் விட்டுவைத்த பெரிய சர்க்கரைகளை அவை உடைத்துக் கொடுக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்த நொதிப்பு மறுபடி மெல்லத் தொடங்கும். தொழிலில் இதை ஹாப் க்ரீப் என்கிறோம். கூடவே அந்த முன்பொருளும் புதிதாக உருவாகும். ஈஸ்ட்டுக்குக் கதகதப்பும் அவகாசமும் கொடுத்தால், வந்த டையசிட்டிலை அதுவே உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் அப்படியே கேனுக்குள் போய்விடும். ஹாப்பை அள்ளிப் போடுவதுதான் இந்த பீரின் உயிர். அதே ஹாப் இன்னும் சில நாள் பொறுமையைக் கேட்கிறது. அந்த டேங்குக்குப் பொறுமை கிடைத்தது. அடுத்த சூட்டுச் சோதனையில் ரெண்டு குப்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தொண்டையில் உறுத்தும் காரமும் இன்னொரு விஷயம். ஹாப் பர்ன் என்பார்கள். அது கசப்பு அல்ல. பிஜேசிபி 2021 வழிகாட்டியில் ஹேஸி ஐபிஏ-வின் கசப்பு அளவு 25 முதல் 60 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு). அதற்குள் நின்ற பீரிலும் தொண்டை கரகரக்கலாம். டிரை ஹாப்பின் துகளும் பாலிஃபீனாலும் படியாமல் மிதப்பதுதான் காரணம். தாளில் வெறுமனே ‘கசப்பு அதிகம்’ என்று எழுதினால் ப்ரூவர் கொதிகலனில் போடும் ஹாப்பைக் குறைக்கப் போவார், பிரச்சினை அப்படியே இருக்கும். ‘விழுங்கிய பின் தொண்டையில் உறுத்தல், நாக்கில் இல்லை’ என்று எழுதினால் குளிரில் இன்னும் நாலு நாள் படியவிடுவார். என்னோடு உட்காருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: எண்ணைப் போடுங்கள், ஆனால் வாயில் எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். 34 என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த பேட்சைத் திருத்த முடியாது.

பீர் எது என்று தெரிந்து ருசித்தால் நாக்கு நம் பேச்சைக் கேட்காது. நம் ஆலையின் பீர் என்று தெரிந்தால் ஒரு பாசம் வரும், பேர் பெற்ற ஆலையின் பீர் என்றால் ஒரு மரியாதை வரும். அதனால் கிளாஸில் மூன்று இலக்க எண் மட்டும்தான் இருக்கும். செய்முறையில் ஏதாவது மாற்றினால் மூன்று கிளாஸ் வைப்போம். ரெண்டு ஒன்றே, ஒன்று வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே மூன்றில் ஒரு வாய்ப்பு சரியாக இருக்கும் என்பதால், குழுவில் பலர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். கலங்கலிலேயே வித்தியாசம் தெரியும் என்றால் கறுப்புக் கிளாஸில் ஊற்றிவிடுவோம்.

எனக்கு மனசு கனக்கும் ருசிப்பு, அடைத்துச் சில மாதங்கள் ஆன கேன்களைத் திறப்பது. ஒவ்வொரு பேட்சிலும் சில கேன்களை எடுத்துவைத்து, பாதியைக் குளிரிலும் பாதியை அறை வெப்பத்திலும் வைப்போம். ஹேஸி ஐபிஏ-வுக்கு ஆக்சிஜன் மாதிரி எதிரி கிடையாது. கேனுக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் நூறு கோடிப் பங்குக்கு ஐம்பது பங்கைத் தாண்டக் கூடாது என்று மல்லுக்கட்டுகிறோம். அப்படியும் அறை வெப்பத்தில் கிடந்த கேனை ஊற்றினால், வைக்கோல் மஞ்சளாக இருந்தது மங்கி, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் வந்து நிற்கும். மாம்பழம் போய்த் தேனும் ஈர அட்டையும் வந்திருக்கும். இனிப்பு மட்டும் தனியாக நாக்கில் கிடக்கும். குளிரில் வைத்த அதே பேட்ச் கிட்டத்தட்ட அடைத்த நாள் மாதிரியே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இவ்வளவு பேர் உழைத்துச் செய்த பீரை ஒரு அலமாரியின் வெப்பம் கெடுத்துவிட முடிகிறதே என்று கோபம்தான் வரும்.

அதனால் என் தாளில் மதிப்பெண்ணுக்கு மேலே ரெண்டு வரி கட்டாயம் இருக்கும்: அடைத்த தேதி, எங்கே எப்படி இருந்தது. அது இல்லாத மதிப்பெண்ணை நான் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. ஒரே பீருக்கு முதல் வாரம் 42-உம், அறை வெப்பத்தில் மூன்று மாதம் கிடந்த பிறகு 27-உம் விழலாம், ரெண்டுமே சரியான எண்கள்தான். குடிப்பவர்களும் கேனின் அடியைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டு, எட்டு வாரத்துக்குள் அடைத்ததா, குளிரில் இருந்ததா என்று கேட்டு வாங்கினால், எங்கள் டேங்கில் நாங்கள் முகர்ந்த அதே பீர் அவர்களுக்கும் கிடைக்கும்.